மலையை மூடியாகிவிட்டது, பாண்ட் எப்போது வரும்?

அமெரிக்காவின் கிழக்குக் கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்க அனுமதி, மூடல் வேலைகளைப் பார்க்கும் ஒரு சிறு ஆலோசனை நிறுவனத்தில் இருக்கிறேன். நெய்வேலியைப் போல இங்கே சமதரையில் தோண்டுவதில்லை. மலைச் சரிவைச் சுற்றி வெட்டிக் கரியை எடுக்கிறார்கள். எடுத்து முடித்தால் செங்குத்தாக ஒரு பாறைச் சுவர் மிஞ்சும், ஹைவால் என்பார்கள். அதை முழுக்க மண்ணால் மூடி, மலையை ஏறக்குறைய பழைய வடிவத்துக்கே கொண்டுவர வேண்டும் என்கிறது 1977இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம். கம்பெனி பாதியில் கைவிட்டால் அரசே வேலையை முடிக்கப் பணம் வேண்டுமே, அதற்காகக் கம்பெனி முன்கூட்டியே கொடுக்கும் பிணைதான் பாண்ட். பெரும்பாலும் அதற்கு சூரிட்டி எனப்படும் பிணை நிறுவனம் பொறுப்பேற்கும். சுரங்கக்காரர் வருஷாவருஷம் பிரீமியம் கட்டுவார். 2015, 2016இல் பெரிய கம்பெனிகள் வரிசையாகத் திவாலானதும் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. எங்கள் வாடிக்கையாளரும் எப்போது பாண்டை விடுவிப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பாண்டை மூன்று கட்டமாக விடுவிப்பார்கள். குழியை நிரப்பி, சரிவைச் சமன்செய்து, வடிகால் அமைத்தால் முதல் கட்டமாக 60 சதவீதம் வரை விடுவிக்கலாம். சர்வே வரைபடமும் வெட்டுமுகங்களும் சரியாக இருந்தால் இதில் பெரிய சிக்கல் இல்லை. மேல்மண் பரப்பிப் பயிர்ப்பசுமை பிடித்து, ஓடைக்கு வண்டல் அளவுக்கு மீறிப் போகாமல் இருந்தால் இரண்டாம் கட்டம். மீதி கடைசியில். ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேல் பெய்யும் பகுதிகளில் 5 வருஷம் நிலம் தானாக நின்று காட்ட வேண்டும். அதற்குக் குறைவான வறண்ட மேற்குப் பகுதிகளில் 10 வருஷம். கென்டக்கியில் மழைக்குக் குறைவில்லை, எங்களுக்கு 5.

இந்த 5 வருஷம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசியாக விதைத்து, உரமிட்டு, நீர் பாய்ச்சிய வருஷம் முடிந்த பிறகுதான் எண்ணிக்கை. நடுவில் கூடுதலாக விதை போட்டால் அந்த இடத்துக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. எங்கள் தளத்தில் ஒரு பெருமழையில் வடிகால் ஓரமாக மண் அரித்து, ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. ஃபோர்மேன் அன்றைக்கே விதை தெளிக்கும் வண்டியை வரவழைத்துவிட்டார். “சரிவு முழுக்க ஒரு லோடு அடிச்சுட்டா பச்சையாயிடும், அதுல என்ன?” என்றார். வண்டியை அப்படியே நிற்கச் சொன்னேன். அரிப்பைச் சரிசெய்வது, சாதாரணப் பராமரிப்பு என்று மாநிலம் ஒப்புக்கொண்ட பட்டியலுக்குள் வந்தால் கடிகாரம் நிற்காது. அதனால் படம் எடுத்து, இடத்தை வரைபடத்தில் குறித்து, ஆய்வாளருக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே கல்லும் வைக்கோலும் போட்டு அந்தப் பள்ளத்தை மட்டும் மூடினோம். பக்கத்தில் புல் மெலிந்திருந்த இடத்தைத் தொடவே இல்லை. பார்க்கக் கை துறுதுறுக்கும், விட்டுவிட வேண்டியதுதான்.

மேய்ச்சல் பகுதியில் புல் நன்றாக வந்துவிட்டது. காட்டுப் பகுதி அப்படி இல்லை. மண்ணை புல்டோசரால் இறுக்கித் தட்டிவிட்டு மரம் நட்டால் வேர் இறங்காது. மேலே நான்கு அடி மண்ணைத் தளர்வாக விடுங்கள் என்று இந்த அப்பலாச்சியா மலைப்பகுதி வனக்காரர்கள் பல காலமாகச் சொல்கிறார்கள். பழைய ஆட்களுக்கோ, வழுவழுவென்று இருந்தால்தான் முடித்த வேலை. மரங்களை எண்ணும் முறையும் கவனிக்க வேண்டியது. நடுவில் ஒரு முளையடித்து, கயிற்றைக் கட்டி வட்டமாகச் சுற்றிவந்து, உயிரோடிருக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு கொடி நட்டோம். லோகஸ்ட் மரங்கள் தூரத்திலேயே தெரிந்தன. ஓக் கன்றுகளைத் தேட ஃபெஸ்க்யூ புல்லுக்குள் மண்டியிட வேண்டியிருந்தது. கணக்கில் வரும் மரங்களில் 80 சதவீதமாவது பொறுப்புக் காலமான அந்த 5 வருஷத்தில் 60 சதவீதம், அதாவது 3 வருஷம், அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆகவே, கடைசி நேரத்தில் நட்டு எண்ணிக்கையை ஏற்ற முடியாது.

பாண்டை விடுவிக்க விண்ணப்பம் போட்ட 30 நாளுக்குள் உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரத்தின் நகலைக் கொடுக்க வேண்டும். அனுமதி எண், இடம், ஏக்கர், பாண்ட் வகை, தொகை, அதில் எவ்வளவு விடுவிக்கக் கேட்கிறோம், என்ன வேலை எப்போது நடந்தது என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, தொடர்ந்து நான்கு வாரம். எங்கள் பகுதி வாரப் பத்திரிகை இரண்டாம் வாரம் விளம்பரத்தைப் போட மறந்துவிட்டது! “தொடர்ந்து” என்று விதி இருப்பதால் மறுபடி முதலிலிருந்து. இதழ் வந்ததும் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து நில உரிமையாளர்களுக்கும், ஊராட்சி அமைப்புகளுக்கும், குடிநீர் நிறுவனங்களுக்கும் கடிதம் போகும். எங்களுக்குக் கீழே வசிக்கும் ஒரு வயதான அம்மாள் ஆட்சேபம் எழுதினார்: ஓடையில் கல்லெல்லாம் துருச்சிவப்பு, சுரங்கம்தான் காரணம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, கல் சிவப்பாகத்தான் இருந்தது. சுத்திகரிப்பு தேவைப்படும் அமில நீர் நம் தளத்திலிருந்து வந்தால் பாண்ட் விடுபடாது. ஆய்வாளரோடு அந்த ஓடையில் மேலும் கீழும் நடந்து, இடையிடையே நீர் எடுத்து இரும்பு, மாங்கனீஸ், பிஎச் பார்த்தோம். எங்கள் எல்லைக்கு மேலேயே 1977க்கு முந்தைய கைவிட்ட சுரங்க வாயிலிலிருந்து கசிவு இறங்கிக்கொண்டிருந்தது. தோண்டும் முன் எடுத்த நீர்த்தரவுகள் அனுமதிக் கோப்பிலேயே இருந்ததால் எங்கள் பேச்சு எடுபட்டது. இல்லாவிட்டால் கூட்டம், விசாரணை என்று போயிருக்கும். அந்த வாயிலை, கைவிட்ட சுரங்கங்களுக்கென்று இருக்கும் அரசு நிதியில் சரிசெய்யக் கேட்கலாம் என்று அம்மாளிடம் சொல்லி, விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுத்தோம்.

ஓடைக்கு வண்டல் போகாமல் பிடிக்க வைத்திருந்த வண்டல் குளத்தை நில உரிமையாளர் மாட்டுக்கும் மீனுக்கும் என்று வைத்துக்கொள்ள விரும்பினார். அப்படியானால் அது நிரந்தரக் குளம். கரை உறுதி என்று பொறியாளர் சான்று வேண்டும், இனிப் பராமரிப்பு யாருடையது என்று எழுத்திலும் வேண்டும். அவர் கையெழுத்துக்கு முன் “கரை உடைஞ்சா யாரு?” என்று கேட்டார். “நீங்கதான்” என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போட்டார்.

கள ஆய்வு பயிர்க்காலத்தில் விழும்படி விண்ணப்பத் தேதியை அமைத்துக்கொள்வது நல்லது. பனிக்கு அடியில் புல்லை யாரும் அளக்க மாட்டார்கள். விடுவிப்புக் கடிதம் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று வாடிக்கையாளர் நிம்மதியாக இருந்தார். அடுத்த மாதமே பிரீமியம் பில் வந்து நின்றது. கடிதத்தின் நகலை நாமே சூரிட்டிக்கு அனுப்பி, பொறுப்பு முடிந்தது என்று அவர்களிடம் எழுதி வாங்கிய பிறகுதான் பில் வருவது நின்றது.