மாடில்லாத ஊர்ல மாட்டுக் குருவி: பொங்கல் லீவு டைரி

ஜனவரி 12, 2024, வெள்ளி, ராத்திரி 10.40, ஹூஸ்டன்

ஒரு வழியா முடிவாயிடுச்சு, நாளைக்கு விடியக்காலை கெளம்புறோம். திங்கக்கிழமை மார்ட்டின் லூதர் கிங் லீவு, பொங்கலும் அன்னைக்கே வந்து விழுந்துருக்கு, இப்படி ஒரு மூணு நாள் இனி எப்ப கெடைக்கும்னு தெரியல. வீட்டுல சம்மதம் வாங்கத்தான் ஒரு வாரம் ஆச்சு. "ஏங்க, பொங்கலுக்கு எல்லாரும் கோயிலுக்குப் போவாங்க, நீங்க குப்பைத்தொட்டி பாக்கப் போறீங்களா"ன்னு கேட்டா. உண்மைதான், மறுக்க முடியல.

விஷயம் இதுதான். நவம்பர்லேர்ந்து டெக்சஸ் கடலோரம் கார்பஸ் கிறிஸ்டி டவுன்டவுன்ல, குப்பைத்தொட்டிப் பக்கம், ஒரு கேட்டில் டைரன்ட் சுத்திக்கிட்டு இருக்கு. தென் அமெரிக்காவோட குருவி அது, அர்ஜென்டினா, பிரேசில் பக்கமெல்லாம் மாட்டு மேல ஏறி உக்காந்து, மாடு நடக்கும்போது கெளம்புற பூச்சிய புடிச்சுத் திங்கும். அமெரிக்காவுல இதுக்கு முன்னாடி யாரும் பாத்து பதிவு பண்ணதே இல்ல, இதான் மொத தடவை. பனாமா வரைக்கும் ஏற்கனவே பரவிடுச்சு, ஆனா அங்கேர்ந்து டெக்சஸ் எங்க இருக்கு. கப்பல்ல ஏறி வந்துருக்கும்னுதான் நெறைய பேரோட யூகம், கார்பஸ் பெரிய துறைமுகம், எண்ணெய்க் கப்பல் வந்து போய்க்கிட்டே இருக்கும்.

நான் இவ்ளோ அவசரப்படுறதுக்கு ஒரு பழைய காயம் இருக்கு. 2021 டிசம்பர்ல டெக்சஸ் தென்கோடியில இருக்குற சாந்தா ஆனா காட்டுல பேட் ஃபால்கன்னு ஒரு வல்லூறு வந்துச்சு, அதுவும் அமெரிக்காவுக்கே மொத தடவை. ரோட்டோரம் கரண்டு கம்பத்து மேல காலையிலயும் சாயங்காலமும் வந்து உக்காருது, கார விட்டு இறங்கினாலே பாத்துடலாம்னு போனவன்லாம் சொன்னான். நான் அடுத்த வாரம், ரிலீஸ் முடியட்டும், பாப்பா பரீட்சை முடியட்டும்னு தள்ளித் தள்ளி 2022 மார்ச் கடைசியில போய் நின்னேன். கம்பம் இருந்துச்சு.

ஜனவரி 13, சனி, மதியம், கார்பஸ் கிறிஸ்டி

பாத்தாச்சு!!!

ஹூஸ்டன்லேர்ந்து மூணரை மணி நேரம், நடுவுல விக்டோரியாவுல ஒரு காபி. டவுன்டவுன்ல வண்டிய நிறுத்திட்டு எங்க போய் தேடுறதுன்னு யோசிக்கவே வேண்டியதில்ல, கழுத்துல பைனாகுலர் மாட்டுன ஒரு பத்து பதினஞ்சு பேர் ஒரு சந்துக்குள்ள குப்பைத்தொட்டியவே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, ஒருத்தர் தொப்பிய கழட்டி வச்சிட்டு ஏதோ சந்நிதி முன்னாடி நிக்கிற மாதிரி. ஹோட்டல் கிச்சன்லேர்ந்து ஒரு பையன் குப்பைப் பையோட வெளிய வந்து எங்கள எல்லாம் பாத்து சிரிச்சிட்டு உள்ள போயிட்டான், அவனுக்கு ரெண்டு மாசமா பழகிப்போயிருக்கும்.

நாப்பது நிமிஷம் ஒண்ணுமில்ல. புறா, கிராக்கிள்ங்கற கறுப்புக் குருவி, மறுபடி புறா. பாப்பா கார்ல போய் உக்காந்துட்டா. அப்புறம் கட்டடத்து விளிம்புலேர்ந்து மஞ்சளா ஒண்ணு இறங்கி நேரா தரையில உக்காந்துச்சு, வயிறு நல்ல மஞ்சள், முதுகு மண்ணு கலர், தலை சாம்பல். இங்க கம்பியில உக்காந்துருக்குற கிங்பேர்ட் எல்லாம் ஏறக்குறைய இதே கலர்தான், ஆனா இது ஓடுச்சு பாருங்க, நீளமான காலு வச்சிக்கிட்டு விறுவிறுன்னு நம்ம ஊரு நெட்டைக்காலி மாதிரி ஓடுது, நின்னு ஒரு ஈய புடிக்குது, மறுபடி ஓடுது. குப்பைத்தொட்டி அடியில ஈ மொய்க்குது, அதுக்கு மாடாவது மண்ணாவது, இந்தத் தொட்டிதான் இப்ப மாடு. மாடு எதுக்குன்னா பூச்சி கெளப்பத்தானே, இங்க அந்த வேலைய நாலு ரெஸ்டாரன்ட் சேந்து செய்யுது.

அம்மா அந்த நேரம் பாத்து போன் பண்ணாங்க, ஊர்ல ராத்திரி. "நாளைக்குப் போகி, எங்கடா தம்பி இருக்க?" "குப்பைத்தொட்டி பக்கத்துலம்மா." கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

அதே நாள், ராத்திரி, மெக்காலன்

கார்பஸ் தாண்டி நாப்பது மைல்ல கிங்ஸ்வில், கிங் ராஞ்ச் ஆரம்பம். மொத்தம் 8,25,000 ஏக்கர்னு சொல்றாங்க, செவப்பு செவப்பா மாடு நிக்குது. இந்த சாந்தா ஜெர்ட்ரூடிஸ் மாட்ட இவங்களே உருவாக்கினாங்க, இங்கிலாந்து ஷார்ட்ஹார்னையும் பிராமனையும் கலந்து, 1940ல தனி இனம்னு அங்கீகாரம். பிராமன்ங்கறது நம்ம ஊரு ஓங்கோல், கிர் மாட்டோட வழிதான். அப்ப தூரத்து சொந்தம். இவ்ளோ மாடு இங்க நிக்க, மாட்டுக்குன்னே பொறந்த குருவி டவுன்ல குப்பைத்தொட்டிய கட்டிக்கிட்டு அழுவுது, யாராவது அதுக்கு வழி சொல்லக் கூடாதா.

சரிட்டா தாண்டினா கிட்டத்தட்ட 60 மைலுக்கு பெட்ரோல் பங்க் கெடையாது, போர்டே வச்சிருப்பாங்க, போறவங்க கிங்ஸ்வில்லயே டேங்க ரொப்பிக்கோங்க. போன தடவை நான் ரொப்பல, அந்தக் கதை வேண்டாம்.

சாயங்காலம் 10வது தெரு பக்கம் பச்சைக் கிளி பாக்கப் போனோம். கிரீன் பாரகீட்ங்கறது மெக்சிகோ கிளி, இங்க கடைத்தெரு கரண்டு கம்பியில இருட்டுற நேரத்துல கூட்டம் கூட்டமா வந்து உக்காரும். சத்தம் தாங்கல. மெக்சிகோவுலேர்ந்து பறந்து வந்துச்சா, கூண்டுலேர்ந்து தப்பிச்சதோட வம்சமான்னு இங்க இன்னும் பெரிய பட்டிமன்றமே நடக்குது. ரெண்டாவதுன்னா சில பேர் தான் பாத்த பறவை லிஸ்ட்ல சேத்துக்க மாட்டாங்க. கிளிக்கு இதெல்லாம் தெரியாது, பார்க்கிங்ல நின்ன எங்க கார் மேல போட வேண்டியத போட்டுச்சு.

ஜனவரி 14, ஞாயிறு, மெக்காலன்

காலையில வெஸ்லாக்கோ, எஸ்டெரோ யானோ கிராண்டே பார்க். இந்த நாலு கவுண்டி சேந்த எடத்த எல்லாரும் 'வேலி'ன்னு சொல்றாங்க, பள்ளத்தாக்குன்னு பேரு, ஆனா பள்ளமும் இல்ல தாக்கும் இல்ல, ரியோ கிராண்டே ஆத்தோட கழிமுகம், தட்டையா கெடக்கு. ஒரு காலத்துல முள்ளுக்காடா இருந்தது, 95 சதவீதத்துக்கு மேல வெட்டி வயலாவும் ஊராவும் ஆக்கிட்டாங்க, மிச்சம் இருக்குற துண்டு துண்டு காட்டுலதான் இவ்ளோ பறவையும்.

இந்தப் பார்க்குல பராக்கி ஒண்ணு பாதையோரமே தூங்கும், நம்ம பக்கி குருவிதான், இன்னொரு ஜாதி. கைகாட்ட ஆள் இல்லன்னா காஞ்ச எலை குவியல்னு தாண்டிப் போயிடுவோம். ஒரு வயசான அம்மா, குளிர்காலம் முழுக்க மினசோட்டாவுலேர்ந்து வந்து தங்குறவங்க, பாப்பாவ மண்டி போடச் சொல்லி குச்சிய விட்டு ஒவ்வொண்ணா காட்டினாங்க: "அந்தக் கல்லு, அதுக்கு எடது பக்கம் அந்த எலை, அந்த எலைக்கு கண்ணு இருக்கு பாரு." பாப்பா கத்தியே விட்டா. நேத்து அமெரிக்காவுலயே மொத தடவையா வந்த குருவிய பாக்காம கார்ல ஐபேட் பாத்தவ, இன்னைக்கு இந்த எலைக்குவியல விட்டு வர மாட்டேங்கறா.

கிரீன் ஜே, கிஸ்கடீ, சச்சலாக்கா எல்லாம் தீனி வைக்கிற எடத்துலயே வரிசையா வந்துச்சு. சச்சலாக்கா கோழி சைஸ், மரத்துமேல நின்னு பத்து பேர் ஒரே நேரத்துல சண்டை போடுற மாதிரி கத்தும், தவிட்டுக்குருவிக்கு மைக் குடுத்தா எப்படியோ அப்படி. களிமண் கலர்ல ஒரு த்ரஷ் வந்துச்சு, யாரும் பைனாகுலர தூக்கக்கூட இல்ல. முப்பது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இதுக்குத்தான் ஊர் ஊரா வண்டி கட்டிக்கிட்டு வந்துருக்காங்க, இப்ப இந்த 'வேலி'ப் பக்கம் வீட்டுத் தோட்டத்துல கூடு கட்டுது. கோஸ்டா ரிகாவுக்கு இதுதான் தேசியப் பறவை, இங்க யாரும் மதிக்கல.

மதியம் சாந்தா ஆனா. 2,088 ஏக்கர், 1943ல சரணாலயம் ஆச்சு, 400 வகை பறவைக்கு மேல பதிவாகியிருக்கு. எல்லைச் சுவர் இது வழியா போகணும்னு 2017ல திட்டம் வந்து ஜனம் போராடி, 2018 மார்ச்ல அமெரிக்க காங்கிரஸ் இந்த எடத்துக்கு மட்டும் விலக்கு குடுத்துச்சு. பறவைக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம்னு ஒரு டயலாக் இந்த எடத்துல எல்லாரும் எழுதுவாங்க, எனக்கு அதக் கேட்டாலே எரிச்சல், ஏன்னா விசா வேண்டிய ஆள் நான் நிக்கிறேன்ல. வெளிய வந்து அந்தக் கம்பத்த ஒரு தடவை பாத்தேன். ஒரு புறா.

திரும்பி வர்ற வழியில ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கரும்பு! இந்த 2024 ஜனவரியில டெக்சஸ்ல கரும்பு வெளையுறதே இந்தப் பக்கம்தான். "அப்பா, நாளைக்கு பொங்கல், ஒண்ணே ஒண்ணு"ன்னு பாப்பா கேக்க, நானும் வண்டிய ஓரங்கட்டிட்டேன். "ஏங்க, பின்னாடி பாருங்க"ன்னா. பார்டர் பேட்ரோல் வண்டி, மண்ணு ரோட்டுல பழைய டயர இழுத்துக்கிட்டு போகுது, காலடித் தடம் புதுசா விழுந்தா தெரியறதுக்காக மண்ண சீவி விடுறாங்க. எச்1பி வச்சிக்கிட்டு கரும்புத் திருட்டுல மாட்டுனா என்ன செக்‌ஷன்ல வரும்னு யோசிச்சிக்கிட்டே வண்டிய எடுத்துட்டேன். ரோட்டுக்கடையில ரூபி ரெட் கிரேப்ஃப்ரூட் ஒரு மூட்டை வாங்கி சமாதானம் பண்ணேன்.

ஜனவரி 15, திங்கள், பொங்கல்

வாடைக்காத்து வந்துடுச்சு. நேத்து டி ஷர்ட், இன்னைக்கு ரெண்டு ஸ்வெட்டர். அவங்க ரெண்டு பேரும் ரூம்லயே தூங்க, நான் மட்டும் இருட்டோட கெளம்பி சாலினெனியோ போனேன், ஒரு மணி நேரத்துக்கு மேல. சின்ன கிராமம், ரோடு நேரா போய் ஆத்துல முடியுது. ஆறு அவ்ளோதான் அகலம், அக்கரையில மெக்சிகோவுல சேவல் கூவுது, நாய் கொலைக்குது, யாரோ பைக் ஸ்டார்ட் பண்றாங்க.

ஒரு காலத்துல இங்க பிரவுன் ஜே கூட்டமா இருந்துச்சு, அத பாக்கவே உலகம் பூரா ஆள் வந்துருக்காங்க, அப்புறம் அதுவா கொறஞ்சு போய் மறைஞ்சிடுச்சு. ஒண்ணு வந்து ஊர்க்காரனா ஆகுது, ஒண்ணு ஊர்க்காரனா இருந்து காணாமப் போகுது. இன்னைக்கு எனக்கு நாணல்ல சீட்ஈட்டர்ங்கற சின்னக் குருவி ஒண்ணு ரெண்டு செகண்ட், அது பொம்பளையா ஆம்பளையான்னு பாக்குறதுக்குள்ள காத்து நாணல சாச்சிடுச்சு. தீனி வைக்கிற எடத்துல ஆரஞ்சுப் பழத்த பாதியா வெட்டி ஆணியில குத்தியிருந்தாங்க, அல்டமிரா ஓரியோல் ஒண்ணு வந்து உக்காந்துச்சு. நம்ம மாங்குயில் மாதிரி கலர், ஆனா சொந்தம் ஒண்ணும் கெடையாது. அந்தச் சாம்பல் வானத்துக்கு அந்த ஆரஞ்சு, கை வெறைச்சு கேமரா பட்டன அழுத்தவே முடியல, எல்லா போட்டோவும் ஷேக்.

ரூமுக்கு வந்தா, மைக்ரோவேவ்ல சக்கரைப் பொங்கல். வீட்டுலேர்ந்து டப்பாவுல கொண்டாந்துருக்கா, எனக்குத் தெரியாது. பீப் பீப்னு மைக்ரோவேவ் கத்துனப்ப பாப்பா "பொங்கலோ பொங்கல்"னு கத்துனா.

ஹூஸ்டன்ல ராத்திரி உறையப்போகுதுன்னு எச்சரிக்கை, உடனே கெளம்பிட்டோம். 281 ஹைவேல ஃபால்ஃபூரியாஸ் செக்போஸ்ட்ல மூணு பாஸ்போர்ட்டும் நீட்டினேன். ஆபீசர் பைனாகுலர பாத்துட்டு பறவையான்னு கேட்டார். ஆமா, குப்பைத்தொட்டியில ஒண்ணு பாத்தோம்னேன். தலையாட்டி அனுப்பிட்டார்.

ஜனவரி 16, செவ்வாய், மாட்டுப் பொங்கல், ஹூஸ்டன்

குழாய்க்கெல்லாம் பழைய துண்டு சுத்தி வச்சிருக்கோம். காலையில உறைபனி, குளிர்ல ஊரே கரண்டு இல்லாம தவிச்ச 2021 பிப்ரவரிய நெனச்சாலே எல்லாருக்கும் பயம். ஸ்கூல் லீவு, ஆபீஸ் வீட்டுலேர்ந்து.

பாத்த பறவைய பதிவு பண்ற இ-பேர்ட் தளத்துல லிஸ்ட் ஏத்தினேன். கேட்டில் டைரன்ட்னு போட்டதும் செவப்புல நின்னுக்கிச்சு, அபூர்வம், விவரம் எழுதுன்னுச்சு. தரையில ஓடியது, குப்பைத்தொட்டி அடியில் ஈ பிடித்தது, போட்டோ இணைப்புன்னு எழுதினேன்.

அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன். மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிச்சு மாலை போட்ட போட்டோ பதிலுக்கு வந்துச்சு. பின்னாடி வரப்புல நாலு உண்ணிக்கொக்கு நிக்குது. அதப் பாத்ததும்தான் ஞாபகம் வந்துச்சு, கிங் ராஞ்ச்ல மாட்டுக் காலடியில இதே கொக்கு நின்னுச்சு, பாப்பா கூட எண்ணினா, நான் எழுதவே இல்ல. உண்ணிக்கொக்குன்னு அலட்சியம். இந்தக் கொக்கும் இந்தக் கண்டத்துக்கு வெளியாள்தான், 1800கள் கடைசியில ஆப்பிரிக்காவுலேர்ந்து கடல் தாண்டி தென் அமெரிக்காவுல எறங்கி மாட்டு பின்னாடியே நடந்து நடந்து, 1950கள்ல டெக்சஸ் வந்து சேந்துச்சு. அன்னைக்கும் யாராவது தொப்பிய கழட்டி வச்சிட்டு நின்னுருப்பாங்க.

பாப்பாகிட்ட எத்தனை எண்ணினன்னு கேட்டேன். "பதினாலு, ஒண்ணு பறந்துடுச்சு, அத சேக்கணுமா?" சேக்கணும்னேன். சனிக்கிழமை லிஸ்ட்ட மறுபடி தொறந்து, கிங் ராஞ்ச் பக்கம், உண்ணிக்கொக்கு, 15.