இன்னும் பதினொரு மாதம்

போன மாதம் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எல்லோரும் யார் சாயல் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "பிள்ளை, பதிவு எப்ப?" என்றார்.

இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு அகதிகளாக வந்த எங்கள் வீட்டில் பதிவு என்றால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் செய்யும் பிறப்புப் பதிவுதான். வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை தானாக இலங்கைப் பிரஜை ஆகிவிடாது. பெற்றோரில் ஒருவர் பிரஜையாக இருக்க வேண்டும், பிறந்து ஓராண்டுக்குள் பிறப்பைப் பதியவும் வேண்டும். தவறினால் தக்க காரணம் காட்டி அமைச்சரின் அனுமதி வாங்க வேண்டும். 2003 திருத்தத்துக்கு முன்பு தகப்பன் வழி மட்டும்தான் கணக்கு, தாய் இலங்கையர் என்பது செல்லாது. இதெல்லாம் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். தகப்பன் இலங்கையில் பிறந்ததற்குத் தாள் எங்கே என்று கேட்டு, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழர் ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியதும் இதே சட்டம்தான்.

இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை கிடைக்காதா என்று உள்ளூர்த் தோழிகள் கேட்பார்கள். அதற்கு எங்கள் வீட்டுக் கதையையே சொல்லிவிடுவேன்.

அப்பாவும் அம்மாவும் 1985இல் பேசாலையிலிருந்து படகேறி ராமேஸ்வரம் வந்தவர்கள். அக்கா 1987 மே மாதம் மண்டபம் முகாமில் பிறந்தாள். நான் 1989 பிப்ரவரியில் அதே முகாமில் பிறந்தேன். எங்கள் இருவருக்கும் இருபத்தொரு மாத இடைவெளி. அதற்கு நடுவில், 1987 ஜூலை 1ஆம் தேதி, இந்தியாவின் குடியுரிமைச் சட்டம் மாறியது. அதற்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, அக்கா இந்தியர், நான் இல்லை. ஒரே தாய், ஒரே முகாம்.

அக்காவும் இந்தியர் என்பதை முப்பத்தைந்து வயது வரை யாரும் அவளிடம் சொல்லவில்லை. 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை ஒரு தீர்ப்புச் சொன்னது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் பிறப்பால் இந்தியர், அவருக்குப் பாஸ்போர்ட் தர வேண்டும் என்று. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்த செய்தி வந்த அன்று, அக்கா தன் பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்து மடித்து நான்கு துண்டாகப் பிரியும் நிலையில் இருந்த தாள் அது. மறுநாளே லேமினேட் செய்யக் கொண்டுபோனாள். ஒரிஜினலை லேமினேட் செய்தால் வாங்கமாட்டார்கள் என்று நான்தான் தடுத்தேன்.

தம்பி 1993இல் கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்தவன். அவன் மனைவியும் முகாமில் பிறந்தவள்தான். 2004 டிசம்பர் 3ஆம் தேதியிலிருந்து சட்டம் இன்னும் இறுகிவிட்டது. பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவர் என்றாவது இருக்க வேண்டும். முகாமில் என்னோடு வளர்ந்த ஒருத்தி உள்ளூர்க்காரரைக் கட்டியிருக்கிறாள். கணவர் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர். அவளைச் சட்டவிரோதக் குடியேறி என்று எடுத்துக்கொண்டால், அவர்கள் பிள்ளைக்குக்கூடப் பிறப்பால் குடியுரிமை இல்லை.

அந்தச் சொல்லில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர் என்பது சட்டத்தில் அதற்குள்ள பொருள். என் தம்பி எந்த எல்லையைத் தாண்டி நுழைந்தான்? அவன் படகே ஏறியதில்லை. கடலைப் பார்த்ததே பள்ளிச் சுற்றுலாவில்தான். அந்தக் காலத்தில் மலையகத் தமிழரைக் 'கள்ளத்தோணி' என்று ஏசுவதைக் கேட்டு வளர்ந்தவர் அப்பா. அந்தப் பேச்சு இப்போது தன் பேத்தி தலையில் வந்து விழுந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

தாய் தகப்பனின் குடியுரிமை பிள்ளைக்குத் தானாக இறங்காது, தாள் வேண்டும். ஆனால் அவர்களின் 'சட்டவிரோதம்' மட்டும் எந்தத் தாளும் இல்லாமல் இறங்கிவிடுகிறது. இதை நியாயம் என்று ஏற்க என்னால் முடியவில்லை.

2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட சில மதத்தவருக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குள் இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்று. முகாமில் பலர் அழுதார்கள். நானும் ஆறுதல் அடைந்தேன். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, குடியுரிமை வேறு.

சரி, தாள்களுக்கு வருகிறேன். பாப்பாவைப் பதிய வேண்டுமென்றால் தம்பி இலங்கைப் பிரஜை என்று காட்ட வேண்டும். அதற்கு அவன் பதிவுத் தாள் வேண்டும். அவனுக்கும் எனக்கும் பதிவு நடந்ததே 2011இல்தான். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்து அண்ணன்மார் படிவம் நிரப்பிக் கொடுத்து, கூடவே வந்து உதவினார்கள். அம்மாவின் 'பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்' மன்னார் கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்ட அரசு அலுவலகத்திலிருந்து, வந்து சேர ஏழு மாதம் ஆனது. அங்கே அத்தாட்சிப் பத்திரம், இங்கே சான்றிதழ். அங்கே பிரஜாவுரிமை, இங்கே குடியுரிமை. எங்கள் கோப்பில் இரண்டு நாட்டுத் தமிழும் ஒன்றாகக் கிடக்கும்.

இந்த முறை சிக்கல் ஒரு பெயரில். அப்பாவின் இலங்கைப் பத்திரத்தில் அவர் 'அன்ரன்'. ஆன்டன் என்ற பெயரை அங்கே அப்படி ர போட்டுத்தான் எழுதுவார்கள். தம்பியின் பிறப்புச் சான்றிதழை எழுதியவர் காதில் விழுந்தபடி 'ஆண்டன்' என்று எழுதிவிட்டார். ஆங்கிலத்திலும் அப்படியே எழுத்துக்கூட்டிவிட்டார்கள். 2011இல் ஒரு சத்தியக் கடதாசியோடு (இங்கே பிரமாணப் பத்திரம்) சமாளித்தோம். இப்போது பாப்பாவின் சான்றிதழில் தாத்தா பெயரின் முதலெழுத்தே தடுமாறுகிறது. தகப்பனின் இனிஷியல் தமிழில் அ-வா, ஆ-வா என்று பிறப்புச் சான்றிதழ் தரும் அலுவலகத்தில் என்னை மூன்று முறை அலைய விட்டார்கள். ஓர் எழுத்துத்தானே என்று சலித்துக்கொண்டார் அங்கிருந்தவர். அந்த ஓர் எழுத்தில் ஒரு குழந்தை எந்த நாடும் இல்லாமல் போய்விடலாம் என்று அவருக்கு நின்று விளக்கினேன். கேட்டார், முகம் மாறியது, ஆனால் திருத்தம் போட மேலிடத்துக்குத்தான் எழுத வேண்டும் என்றார்.

கொழும்பு இந்த ஓராண்டுக் கெடுவை அகதிக் குழந்தைகளுக்காவது எடுத்துவிட வேண்டும். டெல்லி, இங்கேயே பிறந்தவர்களை 'நுழைந்தவர்கள்' என்று எண்ணுவதை நிறுத்தி, அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி விட வேண்டும். அதற்குப் பிறகு இந்தியாவா இலங்கையா என்பதை அந்தப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

திங்கட்கிழமை நோட்டரியிடம் போகிறேன். தம்பிக்கு அன்று பெயிண்டிங் வேலை, லீவு போட்டால் கூலி போய்விடும். பாப்பாவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி எழுதக்கூடிய பெயராகப் பார், ட-வும் ர-வும் கலந்துவிடாத பெயராக என்று தம்பி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.