61ஆவது யூனிட்டின் விலை 598 ரூபா 50 சதம்

கரண்ட் பில் கூடிவிட்டது என்றதும் மலையகத்தில் நம் ஆட்கள் முதலில் அணைப்பது இஸ்தோப்பு (முன் திண்ணை) பல்பைத்தான். அது 9 வாட் எல்.இ.டி. பல்பு. இரவில் பத்து மணிநேரம் எரிந்தாலும் மாதம் 3 யூனிட் வராது. மாதம் 22 யூனிட் எரிக்கிற வீட்டில் அதை அணைத்தால் மிஞ்சுவது பன்னிரண்டு ரூபா. 62 யூனிட் எரிக்கிற வீட்டில் அதே பல்பை அணைத்தால் அறுநூறு ரூபாவுக்கு மேல் மிஞ்சும். இதற்குக் காரணம் கட்டணம் போடுகிற முறை.

இங்கே எடுத்துக்கொண்டது இலங்கையில் 2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு மின் கட்டணம். மாதம் 30 யூனிட் வரை யூனிட்டுக்கு 4.50 ரூபா, நிலையான கட்டணம் 80. 31 முதல் 60 வரையான யூனிட்டுகளுக்கு 8 ரூபா, நிலையான கட்டணம் 210. 60ஐத் தாண்டினால் கணக்கே வேறு: முதல் யூனிட்டிலிருந்து 60 வரை 12.75, 61 முதல் 90 வரை 18.50, நிலையான கட்டணம் 400. 91இல் நிலையான கட்டணம் 1000 ஆகிவிடும். இதற்கு மேல் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி சுமார் இரண்டரை வீதம் சேரும். கீழே உள்ள கணக்குகளில் அதைச் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு விலை மாறியிருந்தால் இலக்கங்கள் மாறும், படிகள் நிற்கும் இடம் 30, 60, 90தான்.

இந்த இலக்கங்களைப் போட்டுப் பார்த்தால் 30 யூனிட் பில் 215 ரூபா, 31 யூனிட் 353. 60 யூனிட் 585, 61 யூனிட் 1183.50. அந்த ஒரு யூனிட்டுக்கு 598.50. 60ஐத் தாண்டியவருக்குக் கீழ்ப்படியின் மலிவு விலை மொத்தமாகப் பறிபோவதால்தான் இவ்வளவு பெரிய தாவல்.

மிகக் குறைவாக எரிப்பவர் பாடு வேறு. மாதம் 5 யூனிட் மட்டும் எரிக்கிற தனி ஆள் கட்டுவது 102.50, அதாவது யூனிட்டுக்கு 20.50. மாதம் 90 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு 1720 ரூபா, யூனிட்டுக்கு 19.11. விலைப்பட்டியலில் ஏழைக்குச் சலுகை என்று தெரிகிறது. பில்லைப் பாவித்த யூனிட்டால் பிரித்தால் ஐந்து யூனிட்காரர்தான் கூடக் கொடுக்கிறார். கொழும்புக்கு வேலைக்குப் போனவர்கள் பூட்டிவைத்த காம்பராவுக்கும் (லயத்து அறைக்கும்) மாதா மாதம் 80 ரூபா ஏறிக்கொண்டே இருக்கும்.

80 ரூபா பெரிய காசா என்று கேட்பவர்கள் பழைய பில்களை எடுத்துப் பார்க்கலாம். 2022 ஆகஸ்டுக்கு முன் 30 யூனிட்டுக்கு 105 ரூபா. அந்த ஆகஸ்டில் அது 360 ஆனது, 2023 பெப்ரவரியில் 1300. அதில் 400 ரூபா நிலையான கட்டணம் மட்டும். ஒரு பல்பும் எரிக்காத வீடும் அந்த 400ஐக் கட்டியது. இப்போது இறங்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் நிலையான கட்டணத்தை நம்மால் சிக்கனம் பிடித்துக் குறைக்க முடியாது, படி இறங்கினால்தான் குறையும்.

லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஆகப் பெரிய வீண்செலவு ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம். மகனுக்குக் கல்யாணமாகும், பின்பக்கம் கூரையை நீட்டி ஒரு காம்பரா கட்டுவார்கள், அப்பாவின் மீட்டரிலிருந்து வயர் இழுப்பார்கள். ஆளுக்கு 35 யூனிட் என்றால் மீட்டரில் 70, பில் 1350. தனித்தனி மீட்டர் இருந்தால் ஆளுக்கு 385, இரண்டும் சேர்த்து 770. மாதம் 580 ரூபா சும்மா போகிறது. சப் மீட்டர் பூட்டினால் இது சரியாகாது. பில் போடுகிற மெயின் மீட்டரில் விழுகிற மொத்தம்தான் கணக்கு. சப் மீட்டர் சண்டையை மட்டும் தீர்க்கும். அதிலும் பாதிப் பாதி பிரிக்காதீர்கள். 70இல் 12 யூனிட் எரித்த பாட்டி யூனிட் கணக்கில் பிரித்தாலே 231 ரூபா கொடுக்கிறார். தனி மீட்டர் என்றால் அவருக்கு 134தான். அந்த வித்தியாசத்தை 58 யூனிட் எரித்தவர் ஏற்றுக்கொள்வதுதான் நியாயம்.

தனி மீட்டருக்கு அடையாள அட்டை, குடியிருப்புக்கான ஆதாரம், வயரிங் சோதித்த அறிக்கை எல்லாம் கேட்பார்கள். காணி தோட்டத்துடையது என்பதால் பெரும்பாலும் காரியம் நின்றுபோவது நிர்வாகத்தின் கடிதத்தில். அதை முதலில் கையில் எடுத்துக்கொண்டு மற்றதைத் தொடங்குங்கள். கம்பத்திலிருந்து தூரம் கூடக்கூட இணைப்புச் செலவும் கூடும், ஆகவே பக்கத்தில் உள்ள கம்பத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு மதிப்பீடு கேளுங்கள்.

மீட்டர் பார்க்கிறவர் பிந்தி வந்ததால் படி தாண்டிவிட்டது என்று பலர் கோபப்படுகிறார்கள். படிகள் நாட்கணக்கில் நீளும்: 33 நாளைக்கு ஒருமுறை வந்தால் முதல் படி 33 யூனிட், அடுத்தது 66. ஆகவே நினைவில் வைக்க வேண்டியது நாளொன்றுக்கு 1 யூனிட், 2 யூனிட், 3 யூனிட் என்பதையே. பில் வந்த அன்று பில்லில் உள்ள இலக்கத்தைக் கலண்டரில் எழுதுங்கள். மீட்டரில் சிவப்புக் கட்டத்தில் கடைசி இலக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், அது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. இருபதாம் நாள் மறுபடி பாருங்கள். எழுதிவைத்த இலக்கத்திலிருந்து கூடியது 40க்குக் கிட்ட நின்றால் மிச்சமுள்ள பத்து நாளில்தான் கையை இறுக்க வேண்டும். 45 யூனிட் எரிக்கிற வீடு சிக்கனம் என்று இருட்டில் இருக்கத் தேவையில்லை.

மலையகத்தில் யூனிட்டைக் குடிப்பது சுடுதண்ணீர். நுவரெலியா பக்கம் காலையில் தண்ணீர் 15 பாகைக்குக் கிட்ட இருக்கும். அதில் 15 லீற்றர் வாளி ஒன்றைக் கொயில் (தண்ணீருக்குள் வைத்துச் சூடாக்கும் மின்கம்பி) போட்டு 40 பாகைக்குக் கொண்டுவர 0.44 யூனிட், நாளுக்கு ஒரு வாளி என்றால் மாதம் 13. கேத்தலில் ஒரு லீற்றர் கொதிக்க 0.1 யூனிட்டுக்குச் சற்று மேல். நாளுக்கு நாலு லீற்றர் என்றால் மாதம் 12, 13. ரைஸ் குக்கர் ஒரு நேரச் சோற்றுக்கே மாதம் சுமார் 10 யூனிட் எடுக்கும். விறகு அடுப்பு எரிகிற வீட்டில் குளிக்கிற தண்ணீரை அடுப்பில் வைத்தாலே பெரும்பாலும் ஒரு படி இறங்கிவிடும். (தகர வாளியில் கொயில் போடுவதை யூனிட்டுக்காக அல்ல, உயிருக்காக நிறுத்துங்கள்.) டிஷ் பெட்டியை ரிமோட்டில் மட்டும் அணைத்தால் 10 வாட் வரை ஓடிக்கொண்டே இருக்கும். மாதம் 7 யூனிட். பிளக்கில் அணையுங்கள். பிரிட்ஜ் வாங்கிய வீடு 60க்குள் நிற்பது கடினம், அங்கே 90ஐக் குறிவைப்பதே புத்தி.

எல்லாம் குறைத்தும் யூனிட் இறங்கவில்லை என்றால் வயரில் கரண்ட் ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கூரை ஒழுகி நனைந்த, புகை படிந்த பழைய வயரில் இது சாதாரணம். ட்ரிப் சுவிட்ச் பெரும்பாலும் 30 மில்லி அம்பியருக்குத்தான் விழும். 20 மில்லி அம்பியர் ஒழுக்கு அதற்குத் தெரியாமல் மாதம் 3 யூனிட்டுக்கு மேல் தின்றுவிடும். மெயின் சுவிட்ச் போட்டபடியே இருக்கட்டும், எல்லாப் பிளக்கையும் கழற்றி, பல்புகளை அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். யூனிட்டுக்கு 1600 தடவை மின்னுகிற மீட்டரில் இந்த அளவு ஒழுக்குக்கு எட்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான் மின்னும், எனவே கால் மணிநேரமாவது நின்று பார்க்க வேண்டும். மின்னினால் வயரிங் பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள். மெயின் சுவிட்சையும் அணைத்த பிறகு மின்னினால் மீட்டருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் யாரோ வயர் மாட்டியிருக்கலாம், அல்லது மீட்டரே பழுதாக இருக்கலாம். அதில் கை வைக்காமல் மின்சார முறைப்பாட்டுத் தொலைபேசி 1987க்கு அழைத்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிப் பில்லின் பின்பக்கம் எழுதிவையுங்கள்.