சிபடான் பெர்மிட்: என் பெயருக்குப் பதில் அப்பா பெயர்

மலேசியாவின் சபா மாநிலத்தில் சிபடான் தீவில் ஸ்கூபா டைவ் செய்யக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சென்னையிலிருந்து கோலாலம்பூர், தவாவ், அப்புறம் வண்டியில் செம்பொர்னா. அதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. பாடுபடுத்தியது பெர்மிட்தான்.

ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அங்கே கணக்கு உண்டு. நீண்ட காலம் 120 பேர், பிறகு 176 ஆக்கினார்கள். நாமாகப் போய் வாங்க முடியாது, டைவ் கடை வழியாகத்தான் பெயர் போக வேண்டும். அதனால் வெகு முன்னாலேயே பணம் கட்டி, பாஸ்போர்ட் நகலையும் டைவ் அட்டையையும் (டைவ் பயிற்சி முடித்ததற்கான சான்று) அனுப்பியிருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் கடைக்குப் போனால், கவுன்டரில் இருந்த பெண் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க பேர் இல்லையே" என்றார். திரையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தேன். என் பாஸ்போர்ட் எண்ணுக்கு நேரே அப்பாவின் பெயர் மட்டும் இருந்தது! சர்நேம் கட்டத்தில் இருந்ததை ஏற்றிவிட்டு என் பெயரை அப்படியே விட்டிருக்கிறார்கள். டைவ் அட்டையிலோ இனிஷியலோடு என் பெயர். தீவில் இறங்கியதும் ரேஞ்சரிடம் பதிய வேண்டும், பெயர் பொருந்தாமல் ஏற்ற மாட்டோம் என்று முடித்துவிட்டார். வருத்தம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. மாற்றாக அவர் கொடுத்த நாள், நான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள். விமானமோ விடியற்காலையில். பல டைவ் செய்தபின் பறக்கக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதை ஒரு டைவ் கடைக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.

மேனேஜர் வரும்வரை நகரவில்லை. அனுப்பிய மெயிலையும் ரசீதையும் காட்டினேன். எண் சரி, பிழை உங்கள் பக்கம் என்றதும் இறங்கி வந்தார். திருத்தம் அனுப்புவதாகச் சொல்லி, மறுநாள் என்னைப் பக்கத்துத் தீவான மாபுலுக்குப் போகும் படகில் ஏற்றினார்.

மாபுலில் நீருக்கடியில் ஒரு நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கோ 'டம்' என்று அதிர்ந்தது, நெஞ்சில் வந்து இடித்தது. மீன்பிடி வெடி என்று மேலே வந்ததும் கைடு சொன்னார். ஒரு வெடியில் மீனோடு பவளமும் நொறுங்கிப்போகும். சிபடானில் இருந்த ரிசார்ட்டுகளை 2004-இல் வெளியேற்றியதும், இந்தக் கணக்கு வைத்ததும் எவ்வளவு சரி என்று அங்கேதான் உறைத்தது. அந்தக் கட்டுப்பாட்டை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். என் கோபமெல்லாம் பெயரைக்கூடப் பார்த்து ஏற்றாத கடையின் மேல்தான்.

அன்று ராத்திரி யாரோ ரத்து செய்த இடம் எனக்குக் கிடைத்தது, இந்த முறை முழுப்பெயரோடு. சிபடானின் டைவ் இடமான பாரகுடா பாயின்ட்டில் பாரகுடா மீன் கூட்டம் சுழன்று சுழன்று ஏறியதைப் பார்த்ததும், வாயில் வைத்திருந்த மூச்சுக் கருவியான ரெகுலேட்டருக்குள்ளேயே கத்திவிட்டேன்.

போகிறவர்களுக்கு: சிபடான் நாள் எது என்பதை எழுத்தில் வாங்குங்கள், அது கடைசி நாளாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே முழுப்பெயரையும் தனி வரியில் எழுதி அனுப்புங்கள். பட்டியலில் அதைக் கண்ணால் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.