எட்டு எண்ணிக்கையும் ஹெர்க்கியும்

இல்ல விளையாட்டுப் போட்டிக்காக வெயிலில் நின்று உடற்பயிற்சி பழகிய யாருக்கும் அந்த எட்டு எண்ணிக்கை மறந்திருக்காது. டீச்சர் விசிலோடு எண்ண, கைகளெல்லாம் ஒன்றாய் உயரும். அந்தப் பழக்கத்தோடுதான் அமெரிக்காவின் டலஸில் உயர்நிலைப் பள்ளிக்குப் போய், ஆட்டங்களின்போது கோஷமிட்டும் தாவியும் உற்சாகமூட்டும் சியர்லீடிங் அணியில் சேர்ந்தேன். அங்கேயும் எட்டுக்குத்தான் எண்ணினார்கள். மொழி பிடிபடாத அந்த நாட்களில் எனக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான்.

முதலில் பழக்கிய தாவல் ஹெர்க்கி. பாதங்களைச் சேர்த்து நின்று, கைகளை மேலே விரித்து, குதிகால் உயர்த்த வேண்டும். பிறகு கைகளைக் கீழே வீசி, முழங்காலை மடித்துத் துள்ள வேண்டும். காற்றில் ஒரு கால் பக்கவாட்டில் நேராக நீளும்; மற்றக் கால் மடிந்து, அதன் முழங்கால் நிலத்தைப் பார்க்கும். ஒரு கை இடுப்பில், மற்றது உச்சிக்கு மேலே. நெஞ்சு குனியவே கூடாது. காலை எட்டித் தொடப் போனால் தாவல் கெட்டுவிடும், கால்தான் மேலே வர வேண்டும். இறங்கும்போது இரண்டு பாதமும் சேர்ந்து, முழங்கால் மடிந்திருக்க வேண்டும். எங்கள் பயிற்றுநர் துள்ளப் பழக்குவதற்கு முன்பே இறங்கத்தான் பழக்கினார். அது எவ்வளவு சரியென்று இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தெரிகிறது.

இந்தத் தாவல் லோரன்ஸ் ஹெர்க்கிமர் என்பவருடையது. டலஸிலுள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் உற்சாகமூட்டும் அணியில் இருந்தவர். இரண்டு காலையும் விரித்துத் தாவ முயன்றபோது ஒரு கால் மடிந்ததால் பிறந்தது என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாய்ப் படுவது அவர் அதைக் கற்பித்த விதம். 1948இல் டெக்சாஸின் ஹன்ட்ஸ்வில்லில் முதல் முகாம் நடத்தினார். 52 பெண்களும் ஒரு பையனும் வந்தார்கள். பந்தாட்ட மைதானத்து ஓரத்தில் கத்துவதாக மட்டும் பலர் நினைத்த ஒன்றை, ஒழுங்காய்ப் பழகி மற்றவர்களுக்கும் பழக்கக்கூடிய கலையாக்கினார். 1971இல் கையில் பிடித்து ஆட்டும் பொம்பொம் என்ற குஞ்சத்துக்குக் காப்புரிமையும் பெற்றார். 2015இல் காலமானார்.

நம் பிள்ளைகளின் உடற்பயிற்சிக் காட்சியில் இந்தத் தாவல் அழகாய்ப் பொருந்தும். எண்ணிக்கை ஏற்கெனவே அவர்களுக்குப் பாடம். ஆவணி விடுமுறையில் ஊருக்கு வரும்போது கற்றுத்தர எனக்கு மிகுந்த ஆசை. புல்தரையில் மட்டும், சீமெந்துத் தரையில் வேண்டாம்.