இரண்டு பேரேடுகள்

1998-ல் எங்கள் வங்கியின் திருப்பூர்க் கிளைக்குக் கடன் பிரிவு அதிகாரியாக மாற்றலாகி வந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. அதற்கு முன் இருந்தது டெல்டாவில் ஒரு கிராமக் கிளை. நகைக்கடன், பயிர்க்கடன், அவ்வளவுதான். திருப்பூருக்கு வந்த முதல் வாரமே மேலாளர் என்னை ஒரு சாயப்பட்டறைக்கு ஆய்வுக்கு அழைத்துப் போனார். பட்டறையின் பின்பக்கம் ஓடை ஊதா நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் மூக்கைப் பொத்தியதைப் பார்த்துச் சிரித்தார். "தண்ணி கலரா ஓடுதுன்னா மெஷின் ஓடுதுன்னு அர்த்தம். தெளிஞ்சு ஓடினாத்தான் நமக்குக் கவலை" என்றார்.

அதை நான் தொழில் நுணுக்கமாகவே கற்றுக்கொண்டேன். சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்குப் போகும் நாட்களில், ஆபீசுக்குள் நுழையும் முன் பின்பக்கம் போய் ஓடையைப் பார்த்துவிடுவேன். கையிருப்புச் சரக்கைக் காட்டி வங்கிக்குத் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். ஓடையில் எழுத முடியாது.

அது திருப்பூர் நான்கு கால் பாய்ச்சலில் ஓடிய காலம். 1999-ல் மத்திய அரசு ஜவுளித் துறைக்கான தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. டஃப்ஸ் என்று சொல்வோம். மெஷின் வாங்கும் கடனுக்கு வட்டியில் ஐந்து சதவீதத்தை அரசே ஏற்றது. 2005 பிறந்ததும் உலகச் சந்தையில் ஒவ்வொரு நாட்டின் துணி ஏற்றுமதிக்கும் உச்சவரம்பு வைத்த கோட்டா முறை ஒழிந்துவிடும், அதற்குள் தயாராகிவிட வேண்டும் என்று எல்லோரும் பறந்தார்கள். பனியன் கம்பெனி வைத்திருந்தவர் துணி பின்னும் நிட்டிங் போட்டார், நிட்டிங் போட்டவர் சாயமேற்றும் டையிங் போட்டார். எங்களுக்கோ ஒவ்வொரு ஏப்ரலிலும் மண்டல அலுவலகத்திலிருந்து இலக்கு வரும்: போன வருடத்தைவிட இருபது சதவீதம் கூடுதல். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. கூட்டுவட்டி தெரிந்தவன் என்ற முறையில் ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். வருடம் இருபது சதவீதம் என்றால் ஐந்து வருடத்தில் இரண்டரை மடங்கு. நான் அங்கே இருந்த ஐந்து வருடத்தில் கடன் தொகை ஏறக்குறைய அப்படித்தான் ஏறியது. நொய்யல் மட்டும் இருந்த அளவிலேயே இருந்தது.

நொய்யல் பெரிய ஆறு அல்ல. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகப் போய் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மழைக்கு ஓடும், மற்ற நாளில் மணல்தான். அந்தக் கொஞ்ச நீரை அணைக்கட்டு கட்டித் தடுத்து, வாய்க்கால் வெட்டி, குளம் குளமாக நிரப்பி வாழ்ந்த ஊர்கள் அதன் இரு பக்கமும். கலந்துவிடும் கழிவை நீர்க்கச் செய்து அடித்துக்கொண்டு போக அதில் வருடம் முழுக்கத் தண்ணீர் கிடையாது.

உப்பு விஷயத்தை எனக்கு விளக்கியவர் ஒரு டையிங் மாஸ்டர். எல்லோரும் சாயம், சாயம் என்றுதான் பேசுவார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அதுதான். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஒட்ட வேண்டுமென்றால் உப்பு போட்டாக வேண்டும். கறுப்பு, நேவி புளூ மாதிரி அடர் நிறமென்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேலேயே உப்பு போகும். சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளிவிடுவதுதான் உப்பின் வேலை, அது துணியில் தங்காது. "போட்ட உப்பு எங்க சார் போகும்? அப்படியே வெளியதான்" என்றார் அவர். அந்தக் காலத்துச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். ஓரளவு தெளிந்து வரும். உப்பு அப்படியே இருக்கும். தெளிந்து ஓடினால் கவலை என்று மேலாளர் சொன்னது வேறு பொருளில் சரிதான்.

இனி என் பேரேட்டுக்கு வருகிறேன். சாயப்பட்டறைக்குக் கடன் கொடுத்தோம். சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் உப்பானது. உப்புத் தண்ணீரில் சாயம் போட்டால் ஷேடு சரியாக வராது, எனவே பட்டறைக்கே நல்ல தண்ணீர் வேண்டியிருந்தது. பல்லடம், அவிநாசிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கிணற்றுத் தண்ணீர் டேங்கரில் வரத் தொடங்கியது. டேங்கர் லாரிக்குக் கடன் கொடுத்தோம். வெள்ளாமையைவிடத் தண்ணீர் விற்பது லாபமாக இருந்ததால் அந்தத் தோட்டக்காரர்கள் மேலும் ஆழமாக போர் போட்டார்கள். அதற்கும் விவசாயக் கடன் என்ற தலைப்பில் கொடுத்தோம், விவசாயம் மாதிரித் துறைகளுக்கு வங்கி கொடுத்தாக வேண்டிய முன்னுரிமைக் கடன் இலக்கில் அது சேரும். வீடுகளில் குழாய்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனதும் கேன் தண்ணீர் தொழில் முளைத்தது. அதற்கும் கொடுத்தோம். பிறகு, பவானிப் பக்கமிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டம், ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர். அது எங்கள் கிளையின் சக்திக்கு மேற்பட்டது. அடுத்து சுத்திகரிப்பு நிலையம். அதற்கும் கடன்.

ஒவ்வொரு கெடுதலும் கொஞ்ச நாளில் புதுக் கடன் விண்ணப்பமாகி என் மேசைக்கே வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நல்ல கடன். தவணை ஒழுங்காக வந்தது. கிளையின் புள்ளிவிவரத்தில் எல்லாமே கூட்டல். நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கும் இப்படித்தான் இயங்குகிறது என்பது பின்னாளில்தான் எனக்கு உறைத்தது. கிணற்றில் சும்மா கிடைத்த தண்ணீர் அந்தக் கணக்கில் எங்கும் வராது. அது கெட்ட பிறகு காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீர் வரும். தேசிய வருமானக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான சைமன் குஸ்நெட்ஸ், ஒரு நாட்டின் நலனை அந்த ஓர் எண்ணை வைத்து முடிவுகட்ட முடியாது என்று 1934-லேயே எச்சரித்திருந்தார். எங்கள் மண்டல அலுவலகத்துக்கு அது எட்டவில்லை.

2001-ல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு இஷ்டமில்லைதான்.

காலாண்டுக் கூட்டங்களில் எங்கள் திருப்பூர்க் கிளைக்குக் கேடயம் கிடைக்கும். அதே அறையில் சென்னிமலைப் பக்கத்துக் கிராமக் கிளை ஒன்றின் மேலாளர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். அவர் கிளையில் விவசாயக் கடன் எல்லாம் வாராக்கடன். 'அந்த ஏரியாக்காரர்களுக்குத் திருப்பிக் கட்டும் பழக்கமே இல்லை' என்பது மேலிடத்துத் தீர்ப்பு. வசூல் முகாமுக்கு உதவியாக என்னையும் இன்னொருவரையும் அங்கே ஒரு வாரம் அனுப்பினார்கள்.

ஒரத்துப்பாளையம் அணை அந்தப் பக்கம்தான். 1990-களின் தொடக்கத்தில் நொய்யலின் குறுக்கே கட்டியது. சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவதாகத் திட்டம். மேலே திருப்பூரில் விட்டதெல்லாம் வந்து தேங்கும் தொட்டியாக அது மாறியது. கட்டி முடித்துச் சில வருடங்களிலேயே, எங்கள் வயலுக்குத் தண்ணீர் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆனது. அணைக்காக ஒரு காலத்தில் காத்துக்கிடந்தவர்கள்தான் அவர்களும்.

நான் போன தோட்டத்தில் தென்னை மட்டைகள் நுனி கருகித் தொங்கின. பெரியவர் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நான் பாக்கித் தொகையைச் சொன்னதும், "கட்ட மாட்டேன்னு நாஞ் சொல்லலீங்க தம்பி. வாங்க, கெணத்தப் பாருங்க" என்று கூட்டிப் போனார். கிணறு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. "தண்ணி இல்லீன்னா வறட்சின்னு எழுதிக்குடுப்பாங்க. எனக்குத் தண்ணி இருக்குதுங்களே, நான் என்னன்னு எழுதறது?" ஒரு சொம்பில் மொண்டு கொடுத்தார். வாயில் வைத்தேன், விழுங்க முடியவில்லை.

என் கையிலிருந்த படிவத்தில் தவணை தவறியதற்கான காரணம் என்று ஒரு பத்தி. வறட்சி, வெள்ளம், பூச்சித் தாக்குதல், குடும்பத்தில் இறப்பு, வேண்டுமென்றே கட்டாதவர். கிணற்றில் தண்ணீர் இருந்தது. வெள்ளமும் வரவில்லை, பூச்சியும் இல்லை, யாரும் சாகவும் இல்லை. நான் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன். 'இதர' என்று ஒரு கட்டம் இருந்ததா, நான்தான் கவனிக்கவில்லையா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

அவருடைய வாராக்கடனும் எங்கள் கேடயமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். வங்கியும் ஒன்றுதான், ஆறும் ஒன்றுதான். பேரேடு மட்டும் இரண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை யாருடையதும் இல்லை.

பிற்பாடு அந்த இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. 68 கிராமங்களில் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். பழக்கதோஷம், வகுத்துப் பார்த்தேன். தலைக்கு ஒன்பதாயிரம்கூட வரவில்லை. நான் பார்த்த தோட்டத்தில் ஒரு வருடத்துத் தேங்காய்க்கே அது காணாது.

நொய்யல் பாசன விவசாயிகளான ஆயக்கட்டுதாரர்கள் 2003-ல் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். 2006-ல் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற தீர்ப்பு. 2009-ல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்து அவகாசம் கொடுத்தது. அதற்குள் நான் மீண்டும் திருப்பூருக்கே வந்துவிட்டேன், இந்த முறை மேலாளராக. அவகாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டாயிரம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி கொண்டுவரும் ஊரை யார் மூடுவார்கள் என்பதுதான் பேச்சு. சத்தியமாகச் சொல்கிறேன், என் எண்ணமும் அதேதான்.

2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்டவை. மின் இணைப்பைத் துண்டித்தார்கள். சில நாளில் ஓடை தெளிந்து, பிறகு வற்றியும் போனது. வெளியூர்த் தொழிலாளிகள் பை தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சாயம் போடுவதற்குத் துணியை வெளி மாநிலங்களுக்கு லாரியில் அனுப்பியவர்கள் இருந்தார்கள். அக்கம்பக்கத்து மாவட்டங்களில் இரவோடு இரவாகத் திருட்டுப் பட்டறை போட்டவர்களும் இருந்தார்கள். ஒரு வரம்பை ஓரிடத்தில் போட்டால் தண்ணீர் மாதிரியே தொழிலும் பள்ளம் பார்த்து ஓடுகிறது.

என் கிளையில் சிறிய பட்டறைக்காரர்கள்தான் முதலில் விழுந்தார்கள். பத்து வின்ச் என்ற பழைய சாய மெஷின் வைத்துக் கூலிக்குச் சாயம் போட்டவர், கழிவுநீரைக் காய்ச்சும் எவாப்பரேட்டருக்கு எங்கே போவார்? ஒரு டி-ஷர்ட்டுக்கு ஐந்து சென்ட் கூடுதலாகக் கேட்டால் அடுத்த நாட்டைப் பார்த்துப் போகும் வெளிநாட்டு பையர், இந்த இழப்பில் ஒரு பங்கும் ஏற்கவில்லை. ஆற்றைக் காப்பாற்றிய தீர்ப்பை நான் இன்றும் சரியென்றே சொல்வேன். ஆனால் அதன் விலையை யார் கட்டினார்கள் என்று பார்த்தால், ஆற்றைக் கெடுத்துப் பெரிதாகச் சம்பாதித்தவர்கள் முதல் வரிசையில் இல்லை.

அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தேறின. ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சும் அடர் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி, தண்ணீரில் பெரும்பகுதியைப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அந்த உப்புநீரையே சாயம் போடத் திரும்பப் பயன்படுத்தவும் வழி கண்டார்கள். முன்பு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கு மேல் இழுத்த வின்ச் போய், அதைவிட வெகுவாகக் குறைவாகக் குடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் வந்தது. ஏற்றுமதி இப்போது 40,000 கோடியைத் தொட்டுவிட்டது. "பார்த்தீர்களா, வரம்பு போட்டும் வளர்ந்தோம்" என்று மேடைகளில் பேசுகிறார்கள். பாதி உண்மை. 2011-ல் டாலர் நாற்பத்தைந்து ரூபாய், இப்போது ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. அதைக் கழித்துப் பார்த்துவிட்டு மேடையேறலாம்.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஜே.சி. குமரப்பாவைப் படித்தேன். தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் படித்துத் தேறிய கணக்குத் தணிக்கையாளர், பிறகு காந்தியிடம் போனவர். நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எடுக்க எடுக்கக் குறையும் தேக்கத்தை நம்பி வாழும் பொருளாதாரம் ஒன்று, வெயில், மரம் மாதிரி வந்துகொண்டே இருக்கும் ஓட்டத்தில் வாழும் பொருளாதாரம் இன்னொன்று என்று பிரிக்கிறார். கணக்குப் படித்தவன் மூளைக்கு அது சட்டென்று பிடிபட்டது. கடன் வாங்கியவர் மெஷினை விற்றுவிட்டு அந்தப் பணத்தை 'விற்பனை வருமானம்' என்று காட்டினால் நாங்கள் அதை மோசடி என்போம், ஃபைலைச் சிவப்பு நாடா கட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவோம். ஓர் ஊரே கிணற்றையும் மண்ணையும் விற்று வருமானம் காட்டியபோது நாங்கள் கடன் லிமிட்டை உயர்த்திக் கொடுத்தோம்.

அதற்காக, வளரவே கூடாது என்று சொல்லும் ஆள் இல்லை நான். விருதுநகர்ப் பக்கத்திலிருந்தும் தேனிப் பக்கத்திலிருந்தும் ஒன்றுமில்லாமல் வந்து, பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கும் செக்கிங்கில் சேர்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்களின் சேமிப்புக் கணக்குகளும் என் கிளையில்தான் இருந்தன. இருபது சதவீதம் என்று எழுதியவர்களுக்கு அந்தக் கணக்குகளும் தெரியாது, பெரியவரின் கிணறும் தெரியாது. எதில் வளர வேண்டும், எதில் போதும் என்று நிறுத்த வேண்டும் என்று பிரித்துச் சொல்ல அந்த ஓர் எண்ணால் முடியாது.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஆய்வுக்குப் போனேன். எல்லாம் சுத்தம். கண்ணாடிக் குவளையில் மறுசுழற்சித் தண்ணீரைக் காட்டினார்கள். பின்பக்கம் போகும் பழக்கம் விடவில்லை, போனேன். ஓடை காய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய ஷெட். உள்ளே கூரை வரை வெள்ளை மூட்டைகள். காய்ச்சி எடுத்ததில் மிஞ்சிய கலப்பு உப்பு. திரும்பப் பயன்படுத்தவும் முடியாது, எங்கேயும் கொட்டவும் கூடாது.

"இடம் போதலீங்க சார், அந்தப் பக்கம் இன்னொரு ஷெட் போடணும். எஸ்டிமேட் ரெடியா இருக்குது" என்றார் கணக்காளர். கொஞ்சம் தயங்கி, "இந்த மூட்டைகளை ஸ்டாக்ல காட்டலாமுங்களா?" என்று கேட்டார்.

காட்ட முடியாது என்றேன். எஸ்டிமேட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.