முதல் பெரியகடை, பிறகு நீராவியடி

அப்பாவின் முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு யாழ்ப்பாணம் போனேன். அங்கே நீராவியடியில் இருக்கும் கடையிற் சுவாமி என்ற சித்தரின் சமாதியில் ஒரு விளக்கு வைக்கவேணும் என்று கடைசி இரண்டு வருடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். திருகோணமலையிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு போக எனக்குத்தான் நேரம் வரவில்லை. அது இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

பஸ்ஸால் இறங்கி ஓட்டோ பிடித்து நேரே நீராவியடிக்குப் போனேன். மணி பன்னிரண்டரை. கதவு பூட்டு. பக்கத்துப் படலையடியில் நின்ற ஆச்சி, "இனிப் பின்னேரம்தான் மோனை. விடிய வெள்ளண வாவன், ஆறுதலாய்க் கும்பிடலாம்" என்றார். போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலைப் பூசையோடு போவதுதான் நல்லது. ஆண்கள் வேட்டியோடு போங்கள்.

இரவு சித்தி வீட்டில் படுத்திருக்கும்போதுதான் அப்பாவின் ஒழுங்கு நினைவு வந்தது. யாழ்ப்பாண நகரின் கடைத்தெருவான பெரியகடையில் ஒரு புடவைக்கடையில் கணக்கெழுதியவர் அவர். "முதல் கடைத்தெரு, பிறகு சமாதி" என்பார். இந்தியாவிலிருந்து வந்த சுவாமி மடம் எதுவும் தேடாமல் கடைவீதியிலேயே திரிந்தார். அதனால்தான் அந்தப் பெயர். நீதிபதியாக இருந்தவர், ஒருவனுக்கு மரண தண்டனை எழுத மனம் ஒவ்வாமல் எல்லாவற்றையும் விட்டு வந்தவர் என்று சொல்வார்கள். அவர் கைவைத்த கடையில் அன்று வியாபாரம் பொலியும் என்று பழைய முதலாளிமார் நம்பினார்களாம்.

அடுத்தநாள் ஆறு மணிக்குக் கஸ்தூரியார் வீதியால் நடந்தேன். நகைக்கடைகள் திறக்கவில்லை. ஒரு கடை வாசலில் மட்டும் பெடியன் ஒருவன் தண்ணீர் தெளித்துச் சாம்பிராணி காட்டிக்கொண்டு நின்றான். அந்தப் புகைக்குள் கொஞ்சநேரம் நின்றுவிட்டு நீராவியடிக்கு நடந்தேன்.

சுவாமி சமாதியானது 1891இல். ஞானிகளை எரிப்பதில்லை. ஒன்பது சாண் ஆழத்தில் குகை எடுத்து, அமர்ந்த நிலையிலேயே வைக்கச் சொல்கிறது திருமந்திரம். இதைப் படித்தறிந்துதான் போனேன். ஆனால் அங்கே நிற்கும்போது, காலுக்குக் கீழே ஒருவர் இன்னும் நிமிர்ந்து இருக்கிறார் என்ற எண்ணம் உடம்பைச் சிலிர்க்கவைத்தது.

சிட்டியில் நல்லெண்ணெய் விட்டேன். திரி ஊறமுதல் அவசரத்தில் கொளுத்தியதால் இரண்டுதரம் அணைந்தது. மூன்றாம்தரம் திரியை எண்ணெய்க்குள் நன்றாய்ப் புரட்டி, நுனியை மட்டும் விரலால் பிழிந்து வைத்தேன். மெல்லப் பிடித்தது. அப்பாவின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அழுதேன்.

கடையிற் சுவாமியின் சீடர் செல்லப்பா சுவாமி, அவருடைய சீடர் யோகர் சுவாமி. ஆகவே அங்கிருந்து செல்லப்பா சுவாமி இருந்த நல்லூர்த் தேரடிக்கும், பின் யோகர் சுவாமி இருந்த கொழும்புத்துறைக்கும் போனேன். நேரமிருந்தால் இந்த ஒழுங்கிலேயே மூன்றையும் கும்பிடுங்கள், அரைநாள் போதும்.

மத்தியானம் அம்மாவுக்குக் கோல் எடுத்தேன்.

"விளக்கு வைச்சனியோ?"

"ஓமம்மா."

"கடைப்பக்கம் போனனியோ?"

"முதல் அங்கதான் போனனான்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.